மாங்கா சீசன், நைட் ஷிப்ட்

ஜூன் 9, திங்கள்

அப்பாவோட டெஸ்ட் ரிப்போர்ட் வரல.

ஜூன் 10, செவ்வாய்

எங்க மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல இருந்து லாரி வரிசை ஹைவே வரைக்கும் நிக்குது. எல்லாம் பெங்களூரா மாங்கா லோடு, ரேட் இல்லன்னு விவசாயிங்க முகமே செத்துப்போய் கிடக்கு. ராத்திரி ஒரு லாட் பிரிக்ஸ், அதான் கூழோட சர்க்கரை அளவு, 13-லயே நின்னுடுச்சு, அந்த கூழுக்கு குறைஞ்சது 14 வேணும், நான் கையெழுத்து போடாம லைன் ஓடாது, புரொடக்‌ஷன்ல இருந்து போன் மேல போன். ஒவ்வொரு ரிங்குக்கும் தாடை இறுகுது, காலைல எழுந்தா காது வரைக்கும் வலி. அது ஆபீஸ் போனா, தர்மபுரியில இருந்து அப்பா ரிப்போர்ட் விஷயமா வர்ற போனான்னு பாக்கறதுக்குள்ளயே வயிறு கலங்கிடுது.

ஜூன் 11, புதன்

சித்தி பொண்ணு மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சின்னு ஒரு ஆடியோ அனுப்பினா. படுத்துக்கிட்டு கால் விரல்ல ஆரம்பிச்சு உடம்பு முழுக்க ஒவ்வொரு இடமா கவனிக்கணுமாம். முட்டி வர்றதுக்குள்ள தூங்கிட்டேன். நல்ல தூக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

லீவு. இந்த மைண்ட்ஃபுல்னஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு உக்காந்து படிச்சேன். 1979-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டி மெடிக்கல் ஸ்கூல்ல ஜான் கபாட்-ஜின்னு ஒருத்தர் ஆரம்பிச்சிருக்கார், 8 வாரம் கிளாஸ். என்ன வைத்தியம் பாத்தும் தீராத வலியோட இருந்தவங்கதான் முதல்ல அதுக்கு வந்தாங்களாம். வேர் என்னமோ நம்ம பக்கத்து புத்தர் சொன்ன ஆனாபானசதிதான், மூச்சு உள்ள வருது வெளிய போகுதுன்னு தெரிஞ்சு இருக்கறது. மனச காலி பண்ணணும்னு இல்ல, ஓடிச்சுன்னா ஓடிச்சுன்னு பாத்துட்டு திரும்ப மூச்சுக்கு வந்தா போதும், அதுதான் பயிற்சியே. எனக்கு இது பெரிய ஆறுதல்.

அதுல ஒரே ஒரு உலர் திராட்சைய பாத்து, மோந்து, மெதுவா மென்னு சாப்பிடற பாடம் இருக்கு. நம்ம வீட்ல மதியம் களி. களிய யாரு மெல்றாங்க, உருட்டி குழம்புல தொட்டு முழுங்கறதுதான். சரின்னு விரல்ல படற சூடு, தொண்டையில இறங்கற வழி, கீரைக்குழம்போட புளிப்பு, அத மட்டும் கவனிச்சேன். அப்பா "என்ன கண்ணு பேசாம சாப்பிடற"ன்னார். அவர் தட்டுல பாதி அப்படியே இருந்துச்சு. அதுக்கப்புறம் களி எறங்கல.

ஜூன் 18, புதன்

போன் அடிச்சா உடனே எடுக்கறதில்ல. ஒரு ரிங் போகட்டும்னு விட்டு மூச்ச நீளமா வெளிய விடறேன். வெளிய போற மூச்சு நீளமானா மூளையில இருந்து இதயத்துக்கு போற வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு குறையும்னு சித்தி பொண்ணு சொன்னா, நர்ஸு அவ. அந்த ஒரு ரிங்ல தாடை இறுகறது எனக்கே தெரியுது, தெரிஞ்சதும் கொஞ்சம் விடுது. பயம் போகல. "பயமா இருக்கு"ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு எடுக்கறேன், குரல் நடுங்கல.

ஜூன் 19, வியாழன்

எதுவும் முடியல. மூச்சும் வேணாம் ஒன்னும் வேணாம்.

ஜூன் 21, சனி

யோகா தினம்னு காலைல எல்லாரையும் யார்டுல நிக்க வெச்சாங்க, நைட் முடிச்சவங்களையும் சேத்து. டென்ஷன் குறையும்னு ஒரு பேச்சு. முடிஞ்சதும் பகல் ஷிப்ட்டையும் நானே பாக்கணுமாம், ஆள் வரலயாம். இதுல எனக்கு கோபம்தான். என் மூச்ச நான் கவனிக்கறது நான் தாங்கறதுக்கு, ரெண்டு பேர் வேலைய ஒருத்தி தலைல கட்டறதுக்கு இல்ல. லேப் தம்பி நின்னுக்கிட்டே தூங்கறான், அவனுக்கு வேணுங்கறது தூக்கம்.

ஜூன் 22, ஞாயிறு

ரிப்போர்ட் வரல. அப்பா தோப்புக்கு போய் உதிர்ந்தத பொறுக்கிட்டு வந்தார். நான் திட்டல.

ஜூன் 23, திங்கள்

மேனேஜர் ரூம் வாசல்ல நின்னு பாதம் தரையில படறத கவனிச்சேன், அப்புறம் உள்ள போய் நைட்டுக்கு இன்னொரு ஆள் போடுங்க சார், இல்லன்னா டபுள் ஷிப்ட் பாக்க மாட்டேன்னு சொன்னேன். பாக்கலாம்மான்னார். எழுதியும் குடுத்துட்டேன். நெஞ்சு படபடன்னுதான் இருந்துச்சு, ஆனா சொல்ல வந்தது ஒன்னும் விட்டுப்போகல.

ஜூன் 24, செவ்வாய்

ரிப்போர்ட் ரெடியாம், வாங்கிக்க சொன்னாங்க. போன்ல ஒன்னும் சொல்லல. அப்பா சட்டைய தேச்சு வெச்சிருக்கேன், பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ சொல்லியாச்சு