தை மழை

ஜனவரி 10
வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்காகப் பெரியவர் பேசினார். அண்ணாமலைநகர் விடுதிச் சமையற்கட்டில் சிறுவனாகச் சேர்ந்தவர். அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் பல்கலைக்கழகம் தொடங்கியதும், சீனிவாச சாஸ்திரியார் துணைவேந்தராக இருந்ததும் அச்சில் இருக்கின்றன. எத்தனை மூட்டை அரிசி வெந்தது என்பது இவரிடம்தான் இருக்கிறது. 1965 ஜனவரி 27 பற்றி அவராகவே தொடங்கினார்: இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் ராஜேந்திரனைப் போலீஸ் சுட்ட அன்று வடித்த சோறு அப்படியே கிடந்ததாம், ஒரு பையனும் பந்திக்கு வரவில்லையாம். "நல்ல மழை" என்றார்.

ஜனவரி 11
மழையா?

ஜனவரி 13
போகி. தெருவெல்லாம் புகை. பழைய சாப்பாட்டுக் கணக்கு நோட்டுகளை ஏதோ ஒரு போகியில் எரித்துவிட்டதாகப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னது காதிலேயே நிற்கிறது.

ஜனவரி 17
பெரியவரின் மகள் தொலைபேசியில் அழைத்தார். மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.
ஒப்புதல் படிவத்தில் இன்னும் கையெழுத்து இல்லை. எல்லாம் பேசி முடித்த பிறகு போடுகிறேன் என்றிருந்தார். அது இல்லாமல் பதிவை யாருக்கும் கேட்கக் கொடுக்க முடியாது. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எது என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 18
நாள் முழுக்க எழுத்துப்படி. ஒரு மணி நேரப் பேச்சு கணினியில் ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். காகிதத்துக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. மூன்று பிரதிகள் எடுத்தேன், ஒன்று வெளியூருக்குப் போகும். 'மழை' என்ற சொல்லுக்குப் பிறகு நீண்ட மௌனம், இருமல், பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில். மௌனத்தை எப்படி எழுதுவது? புள்ளிகள் வைத்தால் நாடகம்போல் இருக்கிறது.
அன்று ஊர்வலத்தில் போன ஓய்வுபெற்ற ஆசிரியர் வெயில் கொளுத்தியது என்கிறார். எனக்கும் வெயில்தான் சரியென்று படுகிறது. தையில், அறுப்புக் காலத்தில் அப்படி மழை பெய்திருந்தால், நனைந்த நெல்லைப் பற்றி யாராவது இன்றும் புலம்பியிருப்பார்கள். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பரில், ஒரு மாதம் முன்பு. அந்த மார்கழி மழை இவர் நினைவில் தைக்குள் வழிந்துவிட்டதோ? இருந்தாலும் திருத்த மாட்டேன். அவர் சொன்னது மழை. வேண்டுமானால் அடிக்குறிப்பில் வெயில் காயட்டும்.

ஜனவரி 20
உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி. ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "மெஷின் கொண்டுவந்தாயா, அம்மா?" என்றார். பையில்தான் இருந்தது. இல்லை என்றேன். "அப்பாவைப் பேச வைக்காதே, தங்கச்சி" என்றார் மகள்.

ஜனவரி 22
சமையல்காரர் பேட்டி எதற்கு, பேராசிரியர்கள் இல்லையா என்று ஒருவர் கேட்டார். பேராசிரியர்களும் அந்தச் சோற்றைத்தான் தின்றார்கள் என்று சொல்ல வாய் வந்தது. பேராசிரியர்களுக்கு மணிவிழா மலர் இருக்கிறது, இவருக்கு என்ன இருக்கிறது?

ஜனவரி 25
மொழிப்போர் தியாகிகள் நாள். ராஜேந்திரன் சிலைக்கு மாலைகள், ஒலிபெருக்கி. வானிலை பற்றி யாரும் பேசவில்லை.

ஜனவரி 26
சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். ரசம் சரியில்லை என்று சண்டை போட்டாராம்! அவரே என்னை வரச் சொல்கிறார், மகளும் சரி என்றுவிட்டார். மழையைப் பற்றி மறுபடி கேட்கலாமா? கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று தெரிந்துவிடும். படிவத்தைப் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்தேன், அவர் கண்ணாடி வீட்டிலேயே இருக்கிறதாம்.