கார்டு இருந்தால் சோதனை வேண்டாமா?

"எல்டிசி வைத்திருக்கிறீர்களா?" ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் துப்பாக்கிக் கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது, வாடிக்கையாளரிடம் முதலில் கேட்கச் சொல்லி எனக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி இதுதான். எல்டிசி என்பது லைசென்ஸ் டு கேரி. கைத்துப்பாக்கியை உடம்பில் வைத்துக்கொண்டு வெளியே போய்வர டெக்சஸ் அரசு கொடுக்கும் உரிமம். கவுன்ட்டரில் அந்தக் கார்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதைக் காட்டியவருக்காக நாங்கள் பின்னணிச் சோதனைக்கு எஃப்பிஐயைத் தொடர்புகொள்ள வேண்டியதில்லை.

அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி வரலாம் என்றுதான் ஊரில் என் சொந்தக்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உரிமம் பெற்ற கடையில் அப்படி நடக்காது. 1981 மார்ச்சில் அதிபர் ரீகனைச் சுட்டபோது அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவர் பெயரில் வந்த சட்டத்தில் 1993 நவம்பரில் கிளின்டன் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின்படி 1998 நவம்பர் 30 முதல் நடப்பதுதான் நிக்ஸ் என்கிற உடனடிப் பின்னணிச் சோதனை. வாங்குபவர் தன்னைப் பற்றிய விவரங்களைக் கேட்கும் ஃபார்ம் 4473 என்ற படிவத்தை நிரப்புவார். நாங்கள் அந்த விவரங்களை ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ எஃப்பிஐக்கு அனுப்புவோம். ப்ரொசீட் (விற்கலாம்), டிலேய்டு (தாமதம்), டினைடு (மறுப்பு) என்று மூன்றில் ஒரு பதில் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும்.

அதே சட்டத்தில்தான் இந்த விலக்கும் இருக்கிறது. துப்பாக்கி விற்கப்படும் அதே மாநிலம் கொடுத்த பெர்மிட்டாக இருக்க வேண்டும். கொடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆளைப் பற்றி அரசு விசாரித்து, துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகே கொடுத்ததாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் நிக்ஸ் சோதனை தேவையில்லை. எந்த மாநிலத்தின் எந்த பெர்மிட் இதில் சேரும் என்று, துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. டெக்சஸ் எல்டிசி அதில் உண்டு. கைத்துப்பாக்கிக்கான உரிமம்தான் என்றாலும், ரைஃபிளோ ஷாட்கன்னோ வாங்கும்போதும் இந்த விலக்கு செல்லும்.

எல்டிசி சும்மா கிடைப்பதில்லை. வகுப்பில் உட்கார வேண்டும், தேர்வு எழுத வேண்டும், பயிற்சியாளர் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும். அப்புறம் மாநிலத்தின் பொதுப் பாதுகாப்புத் துறையான டிபிஎஸ் விசாரிக்கும். கடையில் நடக்கும் நிக்ஸ் சோதனையில் கைரேகை கிடையாது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், உயரம், எடை போன்ற விவரங்களை வைத்துத்தான் தேடுகிறார்கள். அந்த வகையில் எல்டிசிக்கான விசாரணை ஆழமானது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அந்தக் கார்டால் ஒரு நல்ல மனிதருக்கு எவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஸ்கூல் பஸ் டிரைவர் ஒருவர் எங்களிடம் வருவார். மெக்சிகோ வம்சாவளி, பிறந்து வளர்ந்ததெல்லாம் டெக்சஸ். அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கக்கூடிய பெயர் அவருடையது. அவர் எது வாங்கினாலும் டிலேய்டு என்றுதான் வரும். அதே பெயரில், கிட்டத்தட்ட அதே வயதில், குற்றப் பதிவு உள்ள வேறொருவர் எங்கோ இருக்கிறார். பின்னால் நிற்கும் வரிசை பார்த்துக்கொண்டிருக்க, "இன்றைக்குத் தர முடியாது ஐயா" என்று அவரிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கும். கோபப்பட மாட்டார். முகம் மட்டும் சிவந்துவிடும். எல்டிசி எடுத்த பிறகு அவருக்கு அந்தத் தொல்லை விட்டது. கைரேகை வைத்துப் பார்த்ததால் அவர் வேறு, அந்த ஆள் வேறு என்பது ஒரேயடியாகத் தீர்ந்துபோனது.

நம்மவர்களுக்கும் பெயர்ச் சிக்கல் உண்டு. அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொண்டு வந்தவர்கள், பாஸ்போர்ட்டில் ஒன்றும் டிரைவிங் லைசென்ஸில் ஒன்றுமாகப் பெயர் உள்ளவர்கள் வருவார்கள். நடுப்பெயர் இல்லை என்றால் என்எம்என் என்றும், வெறும் இனிஷியல்தான் என்றால் அதன் பக்கத்தில் ஐஓ என்றும் எழுத வேண்டும் என்பது 4473-இன் விதி. தமிழர்கள் வந்தால் மேலாளர் என்னைக் கூப்பிடுவார். பக்கத்தில் நின்று நிரப்பவைப்பேன், பதில்களை மட்டும் அவர்களே எழுத வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அது தெரியாமல் ஆசையாக வந்து நின்ற பையன்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

டிலேய்டு என்று வந்தால் எஃப்பிஐக்குப் பொதுவாக மூன்று வேலை நாள் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விரும்பினால் கொடுத்துவிடலாம் என்கிறது சட்டம். 2015 ஜூனில் சார்ல்ஸ்டனில் இமானுவேல் சர்ச்சில் ஒன்பது பேரைக் கொன்றவன் கைத்துப்பாக்கி வாங்கியது இந்த வழியில்தான். எங்கள் கடையில் ப்ரொசீட் வராமல் எதையும் கொடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். அதனால் டிலே என்றால் சிலருக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. 2020இல் கோவிட் சமயத்தில் ஜனம் அலைமோதியபோது நிலைமை இன்னும் மோசம். அந்த ஒரே வருடத்தில் நிக்ஸுக்கு ஏறக்குறைய 3 கோடியே 97 லட்சம் விசாரணைகள் போயின. கார்டு உள்ளவர் மட்டும் வந்த வேலை முடிந்து போய்விடுவார். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்று சட்டம் வந்த பிறகும், எல்டிசி எடுக்க ஆட்கள் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கார்டைக் காட்டினால் எல்லாமே தள்ளுபடி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. 4473-ஐ முழுதாக நிரப்பியே ஆக வேண்டும். கார்டின் எண், கொடுத்த தேதி, முடியும் தேதி ஆகியவற்றை நாங்கள் குறித்துக்கொள்வோம். ஐந்து வேலை நாட்களுக்குள் ஒருவரே இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் ஏடிஎஃப்புக்கு அறிக்கை அனுப்புவோம், கார்டு இருந்தாலும் சரி. "இதை வாங்குவது உங்களுக்காகத்தானா?" என்ற கேள்விக்கு எந்தக் கார்டும் பதில் ஆகாது. ஒரு சனிக்கிழமை ஒரு பெண் எல்டிசியை நீட்டினார். கூட வந்த ஆள்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காட்டினான், தூக்கிப் பார்த்தான், மேகசின் எத்தனை என்று கேட்டான். பணம் மட்டும் அந்தப் பெண் எடுத்தார். ஐடி காட்டச் சொன்னபோது அவன் வெளியே போய்விட்டான். மேலாளர் விற்பனையை நிறுத்தினார். தேதி, முகவரி, எண் என்று அந்தக் கார்டில் எல்லாமே சரியாக இருந்தது. வாங்கத் தகுதியுள்ள ஒருவர் தகுதியுள்ள இன்னொருவருக்காக வாங்கினாலும், தனக்கு என்று பொய் சொன்னால் குற்றம்தான் என்று 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என்னை உண்மையில் உறுத்தியது வேறு விஷயம். நிக்ஸ் சோதனை இன்றைய நிலவரத்தைக் கேட்கிறது. எல்டிசி அது கொடுக்கப்பட்ட நாளின் நிலவரத்தைச் சொல்கிறது. முதல் எல்டிசி நான்கு ஆண்டு செல்லும், புதுப்பித்தால் ஐந்து. அதற்குள் ஒரு மனிதன் வாழ்க்கையில் என்னென்னவோ நடந்துவிடலாம். ரஹிமி வழக்கு இந்த டெக்சஸில் நடந்ததுதான். 2020 பிப்ரவரியில், காதலியை அடித்ததற்காக, டாரன்ட் கவுன்ட்டி கோர்ட் ரஹிமி என்பவருக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு போட்டது. கூடவே அவருடைய கைத்துப்பாக்கி உரிமத்தையும் இரண்டு ஆண்டு இடைநிறுத்தியது. இப்படிப்பட்டவர்களிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் செல்லும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கவுன்ட்டரில் நிற்பவளாக எனக்கு வந்த கேள்வி வேறு. உரிமம் இடைநிறுத்தப்பட்டால் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சரி. கொடுக்காதவர் பர்ஸில் அந்தக் கார்டு இருந்தால் அதில் என்ன மாறியிருக்கும்? அச்சடித்த தேதி அப்படியேதான் இருக்கும்.

அப்படி ஒருவர் வந்தார் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அது தெரிய வழியில்லை. ஒரு மாலை வந்தவரை மட்டும் மறக்க முடியவில்லை. கார்டு முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. பதில்கள் எல்லாம் ஒழுங்காக எழுதினார். எழுதிக்கொண்டே, மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதையும், வக்கீல்களையும், நீதிபதியையும் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். "அவளுக்குப் புரியவைக்கணும்" என்றார். நான் மேலாளரைக் கூப்பிட்டேன். "மன்னியுங்கள், இன்றைக்கு இந்த விற்பனை இல்லை" என்று சொல்லிவிட்டார். விற்க மறுக்கும் உரிமை கடைக்கு எப்போதும் உண்டு. அவர் அந்தக் கார்டைத் தூக்கிக் காட்டி, "அரசாங்கமே என்னை நம்புகிறது, நீ யார்?" என்று கத்தினார். அன்று அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் துப்பாக்கியோடு போயிருப்பார். சட்டப்படி எஃப்பிஐயிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இருந்திருக்காது.

நிக்ஸும் குறையில்லாதது அல்ல. 2017 நவம்பரில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் சர்ச்சில் சுட்டவன் சோதனையைத் தாண்டித்தான் வாங்கினான். அவன் தண்டனை பெற்ற விவரத்தை விமானப்படை எஃப்பிஐக்கு அனுப்பவே இல்லை. பதிவு போய்ச் சேராவிட்டால் எந்தச் சோதனையும் உதவாது. கார்டு விஷயத்திலும் அதைக் கொடுக்கும் அலுவலகம் எவ்வளவு ஒழுங்காகப் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அலபாமாவில் முழு நிக்ஸ் சோதனை செய்யாமலே பெர்மிட் கொடுத்திருப்பதைக் கண்டு 2019இல் ஏடிஎஃப் அந்த விலக்கை ரத்து செய்தது. 2020 மார்ச்சில் மிச்சிகனிலும் அப்படியே நடந்தது. அதுவரை அந்தக் கார்டுகளை நம்பி விற்ற கடைக்காரர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

டென்னசியில் இந்த விலக்கே கிடையாது. கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் பெர்மிட் இருந்தாலும், டிக்ஸ் என்கிற அந்த மாநிலத்தின் சோதனை வழியாகத்தான் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும், கட்டணம் 10 டாலர். கென்டக்கி வேறு வழியில் போகிறது. அங்கே பெர்மிட் காட்டினால் கடையில் சோதனை இல்லை. ஆனால் பெர்மிட் வைத்திருக்கும் எல்லாரையும் மாநிலக் காவல்துறை மாதாமாதம் நிக்ஸில் போட்டுப் பார்க்கிறது. கென்டக்கியின் நிக்ஸ் எண்ணிக்கை மட்டும் மலைபோல் இருப்பதைப் பார்த்து, அவ்வளவு துப்பாக்கி விற்கிறதா என்று மலைப்பவர்கள் உண்டு. அதில் பெரும்பங்கு இந்த மறுசோதனைதான்.

கார்டு உள்ளவர்களையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று சொன்னால், என்னோடு வேலை பார்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். எல்டிசி வைத்திருப்பவர்கள்தான் சட்டத்தை மதிப்பவர்கள், அவர்களை ஏன் திரும்பத் திரும்பச் சந்தேகப்பட வேண்டும் என்பார்கள். அரசு இதை வைத்துப் பட்டியல் போட்டுவிடும் என்ற பயமும் உண்டு. ப்ரொசீட் கிடைத்த சோதனையில் வாங்கியவரின் அடையாள விவரங்களை எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. 4473 கடையில்தான் இருக்கும், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆக அந்தப் பயத்துக்குக் கார்டு மருந்தில்லை. முதல் கேள்விதான் நியாயமானது. அந்த பஸ் டிரைவரை மறுபடி வரிசையில் நிறுத்தி முகம் சிவக்க வைக்க எனக்கும் விருப்பமில்லை.

அதற்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. பெயர்க் குழப்பத்தால் அடிக்கடி தாமதமாகிறவர்கள் எஃப்பிஐக்குக் கைரேகையும் ஆவணங்களும் அனுப்பி யூபின் என்று ஓர் எண் வாங்கிக்கொள்ளலாம். அந்த எண்ணை 4473-இல் எழுதினால், சோதனை வழக்கம்போல நடக்கும், இவர் அவர் அல்ல என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும். எல்டிசி எண்ணையும் இப்படிப் பயன்படுத்தினால் என்ன? கைரேகை கொடுத்து வாங்கிய கார்டு, ஆள் யார் என்பதை உறுதிசெய்யட்டும். அவருக்கு இன்று தடை இருக்கிறதா என்பதை நிக்ஸ் சொல்லட்டும். அது முடியாதென்றால், டெக்சஸ் குறைந்தபட்சம் கென்டக்கியைப் போல மாதாமாதமாவது பார்க்க வேண்டும்.