தனிப்பொருள் நூல்

“சேர், மொனோகிராப் என்பதற்குத் தனிக்கட்டுரை எண்டு எழுதட்டா?” என்று இன்று மாலை காரைதீவில், எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தன் ஆய்வேட்டின் நூற்பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த மாணவி கேட்டாள்.

அவள் மடியில் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ இருந்தது. முதுகுத் தையல் விட்டு, நூலிழை வெளியே தொங்கியது. அவ்வளவு தடித்த புத்தகத்தைக் கட்டுரை என்று குறிக்க அவளுக்கே மனம் வரவில்லைப் போலும். பென்சிலால் எழுதி இரண்டு முறை அழித்திருந்தாள்.

கிரேக்கத்தில் ‘மொனோஸ்’ என்றால் தனி, ‘கிராபெயின்’ என்றால் எழுதுதல். ஒரே தாவர இனத்தையோ விலங்கினத்தையோ முழுமையாக விவரித்த இயற்கையியலாளரின் ஏடுகளுக்கு வழங்கிய அச்சொல், ஒரு பொருளை மட்டும் எடுத்து அதன் அடிவரை சென்று ஆராயும் எத்துறை நூலுக்கும் உரியதாயிற்று. நூலகர்களோ, சஞ்சிகையைப் போலத் தொடர்ந்து வராமல் தன்னளவில் முற்றுப்பெறும் எந்த நூலையும் அப்பெயராலேயே குறிக்கிறார்கள். மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

வழக்கொழிந்த யாழ் என்னும் ஒரே கருவியை, இதே ஊரில் பிறந்த ஒருவர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட நூல் மடியில் கிடக்கும்போது, அச்சொல்லுக்கு வேறு எடுத்துக்காட்டு எதற்கு?

“தனிப்பொருள் நூல் எண்டு எழுதுங்க மகள்,” என்றேன்.

மூன்றாம் முறையும் அழித்தாள். இம்முறை பேனாவால் எழுதினாள்.