கால் பவுடரும் முக்கால் அங்குலமும்

எடின்பரோவில் ரயில் ஏறியதிலிருந்தே அந்தக் கோல்ஃப் கம்பு தொந்தரவுதான். பையிலுள்ள மற்ற கம்புகள் சமத்தாகப் படுத்துக்கொண்டன. இது மட்டும் நடைபாதைக்கு நீட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் முழங்கையை எல்லாம் விசாரித்தது. 1890இல் திறந்த ஃபோர்த் பாலத்தை ரயில் கடந்தபோது எல்லோரும் சன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். நான் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர், அதாவது முதல் அடியில் பந்தைத் தூரம் அனுப்பும் நீளக் கம்பு, என்னிடம் கிடையாது. அது இல்லாத குறையைத் தீர்க்கத்தான் எடின்பரோவில் ஒரு பழைய சாமான் கடையில் அதைவிடக் கொஞ்சம் குட்டையான ரகமான இந்த 3-வுட்டை வாங்கினேன். நீளமாக இருந்தது, பிடித்துப் போயிற்று. நீளம் கூடினால் வீச்சு கூடும், வீச்சு கூடினால் தூரம் கூடும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். அதை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

நாங்கள், நானும் மனைவியும், போனது கோல்ஃபுக்குப் பேர்போன செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு. அந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது, 1969இலேயே மூடிவிட்டார்கள். லூக்கர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அங்குள்ள பழம்பெரும் மைதானமான ஓல்ட் கோர்ஸில் ஞாயிறன்று ஆட்டம் இல்லை. ஊரே அங்கே நடக்க வந்துவிடுகிறது. நாய்கள், குழந்தை வண்டிகள், காற்றோடு மல்லுக்கட்டும் பட்டங்கள். முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் பொதுவான அந்தப் பரந்த புல்வெளியின் குறுக்கே ஒரு பொதுச் சாலையே போகிறது, மற்ற நாட்களில் பந்துக்கு வழிவிட்டு நடக்க வேண்டும். ஸ்வில்கன் பாலத்தில் படம் எடுக்க வரிசை. பாலம் என்று பெயர்தான், நம் ஊர் வாய்க்கால் மதகு அளவுக்குக்கூட இல்லை. நானும் நின்று எடுத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

புல்லைத் தொட்டுப் பார்த்தபோதே எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. மணல்மேல் ஒட்ட வெட்டிய மெல்லிய புல். காலால் தட்டினால் தரை திருப்பித் தட்டுகிறது. டிரைவரால் அடிக்கும்போது பந்து டீ என்கிற சின்னக் குச்சிமேல் உயர்ந்து உட்கார்ந்திருக்கும், கம்பு கொஞ்சம் மேலே கீழே போனாலும் மன்னிப்பு உண்டு. 3-வுட் போன்ற ஃபேர்வே வுட்டுக்கு வேலையே தரையில் கிடக்கும் பந்தைத் தூக்குவது. பந்தை எட்டுவதற்கு அரை அங்குலம் முன்னாலேயே தரையைத் தொட்டுவிட்டால் இந்த மண்ணில் கம்பு எகிறி, பந்தின் தலையில் அடிக்கும். டிரைவரில் மறைத்துக்கொள்ளக்கூடிய நீளத்தை 3-வுட்டில் மறைக்க முடியாது.

பக்கத்திலிருக்கும் கோல்ஃப் அருங்காட்சியகத்தையும் பார்த்தோம். ஹிக்கரி மரத்தில் ஷாஃப்ட், அதாவது கம்பின் காம்பு, செய்த காலத்துக் கம்புகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். இன்றைய 3-வுட்டின் மூதாதைக்கு ஸ்பூன் என்று பெயர், பழைய கம்புகளில் முகம் கரண்டி போலக் குழிந்திருந்ததால். எஃகு ஷாஃப்டை விதி வகுக்கும் இங்குள்ள ஆர் அண்ட் ஏ கிளப் அனுமதித்தது 1929இல்தான். "கரண்டின்னா அடுப்பு உயரத்துக்குத் தகுந்த காம்பு வேணும்ல" என்றாள் மனைவி. அப்போது சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

அன்று சாயங்காலம், நடந்து நடந்து ஈரமான காலணிக்காக மருந்துக்கடையில் கால் பவுடர் ஸ்பிரே ஒன்று வாங்கினோம்.

திங்கள் காலை ஸ்ட்ராத்டைரம் மைதானத்தில் ஆடினேன். ஓல்ட் கோர்ஸ் அளவுக்கு எனக்குத் திறமையும் இல்லை, குலுக்கலில் இடமும் இல்லை. ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 3-வுட்டைத் தரையிலிருந்து ஒன்பது முறை அடித்தேன், இரண்டு பந்து பறந்தது, மீதி ஏழும் எலி மாதிரி ஓடியது. கூட நடந்த மனைவி எட்டாவது குழியில் கேட்டாள்: "என்னங்க, மத்த கம்பெல்லாம் பிடிக்கும்போது நேரா நிக்கிறீங்க. இதுக்கு மட்டும் ஏன் பின்னால சாயறீங்க?"

அறைக்கு வந்ததும் அவளுடைய தையல் டேப்பை வாங்கி அளந்தேன். விளையாடும் வாக்கில் கம்பைத் தரையில் வைத்து, ஹீல், அதாவது தலையில் காம்பை ஒட்டிய முனை, தரையைத் தொடும் இடத்திலிருந்து கிரிப் என்கிற கைப்பிடியின் உச்சிவரை ஷாஃப்டை ஒட்டி அளக்க வேண்டும். 44 அங்குலம். ஆண்களுக்கான 3-வுட் பெரும்பாலும் 43 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். முன்பு வைத்திருந்த யாரோ நெட்டையர் ஷாஃப்டையே மாற்றியிருக்கிறார். விற்றவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் பயிற்சி மைதானத்துக்குப் போனோம். அங்கே மே மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. கால் பவுடரைக் கம்பின் முகத்தில் அடித்தால் வெள்ளையாகப் படியும், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். குதிகாலுக்கு வாங்கிய பவுடர் காட்டியதும் குதிகாலைத்தான்: தடங்கள் எல்லாம் ஹீல் பக்கம். கம்பு நீண்டதால் தலை என் கை எதிர்பார்ப்பதைவிடத் தள்ளிப் போகிறது. தலையின் நுனியும் தரையை விட்டுத் தூக்கி நிற்கிறது, அதனால் நன்றாகப் பட்ட பந்தும் இடப்பக்கம் போயிற்று.

கிரிப்பில் அரை, முக்கால், ஒரு அங்குலம் என்று பேனாவால் மூன்று கோடு போட்டு, கையைக் கோடு கோடாக இறக்கிப் பத்துப் பத்துப் பந்து அடித்தேன். தடத்தைத் துடைப்பது, எண்ணுவது, மறுபடி பவுடர் அடிப்பது எல்லாம் மனைவி பொறுப்பு. அரை அங்குலத்தில் இன்னும் ஹீல்தான். முக்காலில் பத்தில் ஏழு நடுவில் விழுந்தது. ஒரு அங்குலம் இறக்கினாலும் நடுவில்தான் பட்டது, ஆனால் பந்து சீக்கிரம் விழுந்தது, முதுகும் வளைந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: செயற்கைப் புல் பாயில் கம்பு வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும், தரையில் அந்தச் சலுகை இல்லை. அதனால் பந்து போன தூரத்தைவிடத் தடத்தைத்தான் நம்பினேன்.

செவ்வாயன்று அதே மைதானத்தில் கையை முக்கால் அங்குலம் இறக்கியே ஆடினேன். ஏழில் ஐந்து பறந்தது. எதிர்க்காற்றில் ஒன்று ஏறிப் போய் முட்புதரில் விழுந்தது, அதற்குக் கம்பைக் குறை சொல்ல முடியாது.

பிறகு ஏன் வெட்ட வேண்டும், கையை இறக்கியே ஆடலாமே? ஆடலாம், செலவும் இல்லை. ஆனால் கிரிப் கீழே போகப் போக மெலியும், விரல் இறுக்கிப் பிடிக்கும். வெட்டுவதென்றால் கிரிப் பக்கம்தான் வெட்ட வேண்டும், தலைப் பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் விறைத்துவிடும். அப்புறம் எடைக் கணக்கு. அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது கையில் தெரியும் தலையின் கனம், ஏறக்குறைய மூன்று புள்ளி இறங்கும், தலை காணாமல் போனது போலிருக்கும். ஒரு புள்ளிக்குச் சுமார் இரண்டு கிராம் தலையில் ஏற்றினால்தான் பழைய கனம் திரும்பும்.

எடின்பரோ திரும்பியதும் கம்பு பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். முக்கால் அங்குலம் வெட்டி, தலையின் அடியில் ஒன்பது கிராம் ஈயப் பட்டை ஒட்டித் தந்தார். வெட்டிய துண்டையும் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார், எதற்கென்று தெரியவில்லை. அது இப்போது தையல் பெட்டியில் கிடக்கிறது.

போன வாரம், ஒரு 5-வுட்டும் இருந்தால் தேவலை என்று சொன்னேன். மனைவி பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள்.