பெரியப்பா விட்டுப்போன ஏழு பெட்டிகள்

பெரியப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமானபின் ஏழு பெட்டிகள் எங்கள் பொறுப்பில் வந்தன. கைவிளக்குகள், விசில்கள், சீருடைப் பொத்தான்கள், கால அட்டவணைகள், கட்டுக்கட்டாக அட்டை டிக்கெட்டுகள். வீட்டில் யாருக்கும் வேண்டாம். பழைய இரும்புக்குப் போடவும் மனசு வரவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பித்தளை விளக்குக்குப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்துவைத்தேன். பார்க்க வந்த சேகரிப்பாளரின் முகம் சுருங்கிவிட்டது. "அந்தக் கறுப்புதான் சார் இதோட வயசு" என்றார். பெயின்டில் எழுதியிருந்த நிலையத்தின் பெயரும் பாதி போயிருந்தது.

மூன்றாவது பெட்டியில் வட்டமாக, தட்டையாக, தகர டப்பிபோல் நான்கு இருந்தன. பக்கவாட்டில் ஈயப் பட்டைகள். பெரியப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்குப் படம் அனுப்பினேன். அடுத்த நிமிடம் போன். "தொடாதேப்பா, அது டெட்டனேட்டர்!" மூடுபனியிலும் ஆபத்து நேரத்திலும் தண்டவாளத்தில் அதைப் பொருத்திவைப்பார்கள்; சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். பழசாகிப்போனால் எப்போது என்ன செய்யும் என்றே சொல்ல முடியாது. அறையைப் பூட்டிவிட்டுப் போலீசுக்குச் சொன்னோம். ஆளனுப்பி எடுத்துப்போனார்கள்.

அதே பெட்டியில், இரு திசை வண்டிகளுக்கும் ஒரே தண்டவாளம் உள்ள ஒற்றைப் பாதைக்கான டோக்கன் ஒன்றும் இருந்தது. அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த நிலையத்துக்கு வண்டியை எடுக்க முடியாது. அது ரயில்வேயின் சொத்தாகவே இருக்கலாம் என்று பெரியப்பாவோடு வேலை பார்த்த அதே நபர் சொன்னதால், கடிதம் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் பட்டியலும் படங்களுமாக ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். டிக்கெட்டுகளைத்தான் பெரிதாக நினைத்திருந்தேன். 1830களில் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அதிகாரி உருவாக்கிய வகை அது. ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறதாம். அவர்கள் கேட்டது, நான் குப்பைக்கு ஒதுக்கியிருந்த பெரியப்பாவின் நோட்டுகளை! எந்த வண்டி, எந்த இன்ஜின், எங்கே எத்தனை நிமிடம் தாமதம், ஏன் என்று நாள்வாரியாக எழுதிவைத்திருந்தார். நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் உரிமை அவர்களுக்குப் போய்விடும். காட்சிக்கு வைப்பார்கள் என்ற உறுதி கிடையாது. அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு வாரம் பேசித்தான் சம்மதித்தார்.

விளக்குகளையும் விசில்களையும் பழைய ரயிலை ஓட்டும் தன்னார்வலர்கள் வாங்கிக்கொண்டார்கள். டிக்கெட்டுகளும் மற்ற சில்லறைச் சாமான்களும் அந்தச் சேகரிப்பாளரிடமே போயின.

பாலிஷ் போட்ட விளக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை. மாடிக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம்.