சொம்புத் தண்ணீரும் ஏரிப் பனியும்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு. நங்கநல்லூர்

நேற்று முழுக்க ஃபெஞ்சல் புயல் மழை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர். நல்லவேளை, காரை முன்கூட்டியே மேடான தெருவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

இன்று மழை விட்டதும் அண்ணனிடமிருந்து போன். அவர் மகள் பாப்பாவுக்கு அமெரிக்காவில் பஃபலோ நகரத்து வேலை உறுதியாகிவிட்டதாம். ஜனவரி 11 ராத்திரி விமானம். வேலை செய்யப்போகிற இடம் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது, கார் இல்லாமல் ஆகாது. “நீ பதினோரு வருஷம் மிச்சிகன்ல ஓட்டினவ. ஆறு வாரம் இருக்கு. பனியில எப்படி ஓட்டறதுன்னு நீயே சொல்லிக் குடும்மா” என்றார்.

சென்னையில் இதுவரை பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 13.9 டிகிரிதான். இங்கே உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் கற்றுக்கொடுக்க முடியுமா என்று அண்ணிக்குச் சந்தேகம். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. பனியில் கார் ஓட்டுவதில் முக்கால்வாசி பாதத்தில் இருக்கிறது. பாதத்தை எந்த ஊரிலும் பழக்கலாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

பாப்பாவிடம் சாக்பீஸைக் கொடுத்து வாசலில் ஒரு கோடு போடச் சொன்னேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது இந்தக் கோட்டில் பிரேக்கை மிதித்தால் வண்டி எங்கே போய் நிற்கும்? காய்ந்த தார் ரோட்டில் சுமார் 9 மீட்டர், அதாவது எதிர் வீட்டு கேட். கெட்டிப்பட்ட பனியில் 30 மீட்டர், இஸ்திரி வண்டி நிற்கும் இடம். ஐஸில் 60 மீட்டரைத் தாண்டும். அவளே எண்ணிக்கொண்டு நடந்தாள். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் நின்று, “இவ்ளோ தூரமா அத்தை?” என்று கத்தினாள். காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தால் அந்தக் குரல் வந்திருக்காது.

டயர் பற்றியும் பேசினோம். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவுதான். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மிருதுவாக இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் இல்லாமல் வண்டி எடுப்பதே குற்றம். வேறு எதில் வேண்டுமானாலும் காசை மிச்சம் பிடி, டயரில் பிடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கினால் பயமில்லையா என்று அண்ணன் கேட்டார். கிளம்புவதற்கு அது உதவும், நிற்பதற்கு உதவாது. அந்த நம்பிக்கையில் வேகமாகப் போய்ப் பள்ளத்தில் கிடந்த பெரிய வண்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

இன்றுதான் நிஜமான பாடம். பின்சீட்டில் அண்ணி, மடியில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய சொம்பு. நங்கநல்லூரிலிருந்து வேளச்சேரி போய்த் திரும்ப வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது.

முதல் சிக்னலிலேயே அண்ணியின் புடவை நனைந்துவிட்டது. பாப்பா மெதுவாகத்தான் ஓட்டினாள், ஆனாலும் கொட்டியது. கார் நிற்கிற கடைசி நொடியில் ஒரு தலையாட்டு ஆட்டும், கொட்ட வைப்பது அதுதான். நிற்பதற்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கில் இருக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் கார் தலையாட்டாமல் உட்காரும். கிளம்பும்போதும் இதே கதை. ஆக்சிலேட்டரைப் பழுத்த தக்காளி மேல் காலை வைப்பது போலத் தொட வேண்டும். பனியில் டயர் பிடியை விடுவது பெரும்பாலும் இந்த மாதிரி வெடுக்கென்ற அசைவுகளில்தான். திருப்புவது, மிதிப்பது, வேகம் எடுப்பது எதையும் திடீரென்று செய்யாதவளைப் பனி அவ்வளவு சுலபமாகக் கவிழ்த்துவிடாது.

மூன்றாவது சுற்றில் குறுக்கே ஒரு ஆட்டோ வந்தது. பாப்பா தூரத்திலேயே பார்த்துக் காலை எடுத்துவிட்டாள். சொம்பில் அலை எழும்பி விளிம்பைத் தொட்டு அடங்கியது. அண்ணி மூச்சை விட்டார்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. விடிகாலையில் கார் கண்ணாடியில் பனித்துளி. “இதுவும் பனி, அதுவும் பனியா அத்தை?” என்கிறாள். நம் பேச்சில் எல்லாம் பனிதான். அங்கே போனால் பொடிப்பனி, ஈரப்பனி, கெட்டிப்பனி என்று அவளே பிரித்துச் சொல்வாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஈசிஆரில் செயற்கைப் பனி நிரப்பிய விஜிபி ஸ்னோ கிங்டத்துக்குக் கூட்டிப்போனேன். கொடுத்த ஜாக்கெட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு நின்றதுமே அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நடக்கும்போது பாதம் எங்கே வழுக்குகிறது என்று கவனிக்கச் சொன்னேன். “நேரா நடக்கும்போது ஒண்ணும் ஆகலை, திரும்பும்போதுதான் அத்தை” என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக் கூடாது.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்று மழைத்தூறல். வகுப்பு இல்லை. ஹாலில் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் வீட்டில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

மார்ச் மாதம், காலை ஏழு மணி. மிச்சிகனில், யு.எஸ். 23 நெடுஞ்சாலையில் ஆன் ஆர்பர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். வெளியே மைனஸ் 1 டிகிரி. குளிர்காலம் முடிந்தது என்ற நினைப்பு. ரோடு கறுப்பாக, வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. ஹியூரான் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் டயர் சத்தம் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் சுழன்றது. பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி ஒன்றரைச் சுற்று சுற்றி, நடுவிலிருந்த புல் பள்ளத்துப் பனியில் புதைந்து, வந்த திசையைப் பார்த்து நின்றது. ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே என்னைக் கடந்து போனது. என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அரை மணி நேரம் கதவைத் திறக்கக் கை வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்த ஐஸை நான் ‘கள்ள ஐஸ்’ என்பேன். ரோட்டுக்குக் கீழே மண் இருக்கிறது, அது கொஞ்சம் சூடு வைத்திருக்கும். பாலத்துக்கு அடியிலும் காற்றுதான், அதனால் பாலம் முதலில் உறையும். மைனஸ் 20ஐ விட பூஜ்ஜியத்தை ஒட்டிய ஐஸ் இன்னும் வழுக்கும். சறுக்கி வண்டியின் வால், அதாவது பின்பகுதி, இடப்பக்கம் போனால் ஸ்டியரிங்கும் இடப்பக்கம். பிரேக் வேண்டாம், ஆக்சிலேட்டர் வேண்டாம், கண் போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

அதற்குப் பிறகு பனி பெய்த ஞாயிறுகளில் விடியும் முன்பே கிளம்பி, காலியான பார்க்கிங் மைதானத்துக்குப் போவேன். வேண்டுமென்றே வண்டியைச் சறுக்கவிட்டுத் திருப்பிப் பிடிப்பேன். அந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வது! விளக்குக் கம்பத்தின் கீழே பனி இறங்கும். உலகத்தின் சத்தம் முழுவதையும் யாரோ பஞ்சில் பொதிந்து வைத்த மாதிரி இருக்கும். டயருக்கு அடியில் மட்டும் அரிசி மாவை விரலால் நசுக்கினால் வரும் அந்த ‘கிறுக்’ சத்தம். வண்டி மிதக்கும், வாலை வீசும், மெல்லக் கையைக் கொடுத்தால் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பும். பயம் கரைந்தது அங்கேதான்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மேடவாக்கம் தாண்டி, மனை பிரித்துப் போட்டிருக்கும் ஆளில்லாத ரோடு. மேலே மணலும் ஜல்லிப்பொடியும். முப்பதில் வந்து பிரேக்கை முழுசாக மிதிக்கச் சொன்னேன். பெடல் தடதடவென்று உதறியதும் பாப்பா பயந்து காலை எடுத்துவிட்டாள். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்பதற்கு அந்த உதறல்தான் அடையாளம், காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். இருந்தும் எத்தனை பேர் அந்த உதறலைக் காலில் உணர்ந்திருப்பார்கள்? எட்டு முறை செய்ய வைத்தேன். கடைசி இரண்டு முறை கால் அசையவில்லை.

திரும்பும் வழியில் ஏரிப் பனியைப் பற்றிச் சொன்னேன். நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கொட்டுகிறதே, அதே வேலையைப் பஃபலோவில் குளிர்காற்று ஈரி ஏரியின் மேல் செய்கிறது. தாம்பரத்தில் கொட்டும்போது அயனாவரத்தில் வெயில் அடிப்பது போல, அங்கேயும் ஒரு பேட்டையில் வெயிலும் பக்கத்துப் பேட்டையில் சுவர் மாதிரிப் பனியும் இருக்கும். 2022 நவம்பரில் பக்கத்திலிருக்கும் ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம் கொட்டியது. அடுத்த மாதமே கிறிஸ்துமஸ் பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிலர் கார்களுக்குள்ளேயே. வெளியே போகாதே என்று அரசாங்கம் தடை போட்டால் போகக் கூடாது. மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. ஹீட்டர் போடுவதற்கு முன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்துத் தோண்டிவிட வேண்டும், இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து ஆளைக் கொன்றுவிடும். இதை மட்டும் மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

ஜனவரி 11, சனி

கிளம்பிவிட்டாள். பெட்டியில் அண்ணி கம்பளி வைத்தார். நான் டார்ச்சும் கையுறையும் வைத்தேன். மண்வாரி, மணல் மூட்டை, கண்ணாடி சுரண்டி எல்லாம் அங்கே போய் வாங்கிக்கொள்வாள்.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஆறு மணிக்குத் தெரு முழுக்கப் புகை, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பால் வாங்க நடந்தே போனேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காலை ஐந்தரைக்குப் பாப்பாவின் குரல் செய்தி. அங்கே சனிக்கிழமை சாயங்காலம். கூட வேலை செய்கிற பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முதலில் சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம், அப்புறம் ரோட்டில்.

“அத்தை, சிக்னல்ல பெடல் உதறுச்சு. காலை எடுக்கல. முன்னாடி வண்டிக்கும் எனக்கும் இன்னும் ரெண்டு கார் இடம் இருந்துச்சு!”

அதற்குக் கீழே இன்னொரு செய்தி. ஐஸ் உருக ரோட்டில் போடும் உப்பு கண்ணாடியில் படிந்து எதுவும் தெரியவில்லையாம், வைப்பர் தண்ணீரும் வரவில்லையாம். தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாள், அது உறைந்துவிட்டது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறேன். மைனஸ் 25லும் உறையாத நீலத் திரவம் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும், நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வாங்கு, அதுவரை வண்டியை எடுக்காதே என்று எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். “சரி அத்தை” என்று பதில் வந்தது.