குச்சி நீட்டுபவனுக்குத்தான் குழி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை உருட்டி, பேசியே கதையை நடத்துகிற ஆட்டம். அதை ஆடுகிறவர்கள் பலரின் கதாபாத்திரம் சுமக்கும் மூட்டையில் ஒரு பத்தடிக் கம்பு இருக்கும். ஐந்தாம் பதிப்பின் விலைப்பட்டியலில் அது 5 செப்புக்காசுதான். நிலவறைக்குள் தரையைத் தட்டிக்கொண்டே போனால், அமுங்கும் கல் கம்பின் நுனியில் அமுங்கிவிடும், பிடித்திருப்பவர் பத்திரமாகத் தள்ளி நிற்பார். நிலவறையை வரைந்து ஆட்டத்தை நடத்துகிறவன் நான், அதனால் நான் வைக்கும் குழியின் மூடி, அமுங்கும் கல்லுக்குச் சரியாகப் பத்தடி பின்னால் இருக்கும்.

இது பழைய தந்திரம், நான் கண்டுபிடித்தது கிடையாது. ஆனால் பொறிகளைக் கோக்கிற கலை மொத்தமும் இதற்குள் அடக்கம் என்பேன். ஒரு பொறியிலிருந்து தப்பிக்க ஆட்டக்காரர் என்ன செய்வாரோ, அதுதான் அடுத்த பொறியின் விசை. முட்டாள்தனமாக நடப்பவரைப் பிடிக்க ஒற்றைக் குழி போதும். எனக்குப் பிடிக்க வேண்டியது யோசித்து நடப்பவரை.

இரண்டு பொறியும் தனித்தனியாகப் பார்த்தால் சப்பென்று இருக்க வேண்டும். பத்தடிக் குழியில் விழுந்தால் ஒரே ஒரு ஆறுமுகப் பகடையில் விழும் எண்தான் சேதம், அவ்வளவுதான். சிலந்தி வலை அடைத்த அறையும் அப்படியே. தீப்பந்தத்தை நீட்டினால் வலை எரிந்து போகும் என்று எல்லாருக்கும் தெரியும். என் அறையில் அந்த வலைதான் உத்தரத்தில் இருக்கும் எண்ணெய் ஜாடிகளைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படிப்பதில் ஒரு லாபம் உண்டு. (ஆபீஸில் டெஸ்டிங் வேலை, அந்தப் புத்தி வீட்டிலும் விடாது.) 'நாக்' என்ற மந்திரம் எந்தப் பூட்டையும் திறக்கும். கூடவே 300 அடி வரை கேட்கிற மாதிரி 'டொக்' என்று பெரிய சத்தம் எழும் என்றும் அதில் போட்டிருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. கதவில் எந்த விஷ ஊசியும் வைக்காமல், பூட்டை மட்டும் மகா கடினமாக வைத்தால் போதும். குழுவில் திருடனாக ஆடுபவன் தோற்பான், மந்திரவாதி முன்னால் வருவான், பக்கத்து அறையில் தூங்குகிறவை எழுந்துகொள்ளும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கனசதுரப் பொறி. எங்கள் ஆட்டத்தில் டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், நான். ஆடுகிறவர்களில் என் மனைவி திருடி, மனைவியின் தம்பி வாள்வீரன், கல்லூரி நண்பன் ஒருவன் மந்திரவாதி. பத்தடி அகலத்தில் ஒரு நடைபாதை, நடுவே மூடியோ மறைப்போ இல்லாத ஒரு குழி, பத்தடி நீளம், பத்தடி ஆழம். பலம் 16 இருக்கும் வீரன் ஓடிவந்து தாண்டினால் 16 அடி போகலாம், அதனால் யாரும் பயப்பட மாட்டார்கள். குழியின் மறுகரையை ஒட்டி, பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு ஜெலட்டினஸ் கியூப் என்ற கூழ்ப் பிராணி நிற்கிறது. பத்தடிக் கனசதுரம், கண்ணாடி மாதிரி உடம்பு. அசையாமல் நிற்கும்போது அது நேர் எதிரே இருந்தாலும் கண்டுபிடிக்கப் பகடைக் கணக்கில் 15 எடுக்க வேண்டும்.

"இந்தப் பக்கம் தூசியும் ஒட்டடையுமா இருக்கு. அந்தப் பக்கம் தரை மாப் போட்டது போல இருக்கு" என்றேன்.

"சூப்பர் மாமா, இறங்க நல்ல இடம்" என்று மச்சான் பகடையை எடுத்துவிட்டான்.

தானாகப் போய் விழுகிறவனுக்குத் தப்பிக்கும் பகடையை இரண்டு முறை உருட்டி, சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும். உள்ளே போய்விட்டான். மூச்சு விட முடியாது, கியூபின் முறை வரும்போதெல்லாம் ஆறு பகடை அமிலச் சேதம். வெளியே இழுக்க வேண்டுமானால் ஐந்தடிக்குள் நிற்க வேண்டும், இழுப்பவருக்கும் மூன்று பகடை. ஐந்தடிக்குள் நிற்கத் தரை எங்கே இருக்கிறது? தாண்டிப் போன குழிக்குள் இறங்கி, எதிர்ச்சுவரில் தொற்றிக்கொள்ள வேண்டும். மனைவி அதைத்தான் செய்தாள். இழுத்தும் விட்டாள். இரண்டு பேரும் குழிக்குள் விழுந்தார்கள். அப்போது நான் கியூபை நகர்த்தினேன். பத்தடிக் குழி, பத்தடிக் கனசதுரம். வரைபடத்தைப் பார்த்த மனைவி, "நீங்க அளவெடுத்தே வெச்சிருக்கீங்க" என்றாள். ஆமாம்.

மந்திரவாதி கயிற்றைப் போட்டு, கடைசி நொடியில் இருவரையும் மேலே இழுத்துவிட்டான். கியூப் குழிக்குள் இறங்கி விளிம்பு வரை நிரம்பி நின்றது. அதன்மேல் எண்ணெய்க் குப்பியாக ஊற்றிக் கொளுத்தினார்கள். அவர்களைப் புதைக்க நான் எடுத்த அளவு அவர்களுக்கே உதவியது, அந்த ராத்திரி எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

கியூப் போகிற வழியில் கிடப்பதையெல்லாம் தின்று துடைத்துவிடும், அந்த மாப் போட்ட தரைதான் தடயம். அது இல்லாவிட்டால் இது வெறும் கொலை. 1975இல் ஆரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டில் ஆட, இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' (Tomb of Horrors) என்ற நிலவறைக் கதை 1978இல் அச்சானது. அதில் வாயைப் பிளந்த ஒரு பச்சைப் பிசாசு முகம் வரும். வாய்க்குள் ஒரே இருட்டு. உள்ளே ஏறினால் ஆள் காலி, சேதக் கணக்கே கிடையாது. பெரிய பேர் வாங்கிய பொறிதான், எனக்கு ஏனோ ஒட்டவில்லை. அதிலிருந்து மீள ஆட்டக்காரர் செய்யக்கூடியது எதுவும் இல்லை, ஆகவே அதன்மேல் இரண்டாவது பொறியை ஏற்றவும் வழியில்லை. செத்தவர் அடுத்த கேரக்டரை எழுத உட்கார வேண்டியதுதான்.

அப்புறம், பொறியை யார் வைத்தார்கள் என்ற கேள்வி. நிலவறையில் கோபோல்டுகள் என்ற குட்டிப் பிராணிகள் குடியிருந்தால் அவையும் தினம் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். ஒரு கோபோல்டு முப்பது பவுண்டு அளவில்தான் இருக்கும், அதனால் அறுபது பவுண்டுக்கு அமுங்கும் கல் அவற்றை ஒன்றும் செய்யாது. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் தடயங்கள் தானாகவே வந்து சேரும்: பொறியின் மேலேயே சின்னச் சின்னக் காலடிகள், நன்றாகத் தேய்ந்த பாதை. பெரிய ஆட்கள் அதைப் பார்த்து "இதான் பத்திரமான வழி" என்று காலை வைப்பார்கள்.

மனைவி இப்போது பொறி தேடிப் பகடை உருட்டுவதையே குறைத்துவிட்டாள். "இங்க இருக்கறதுங்க தண்ணிக்கு எங்க போகும், என்ன எடை இருக்கும்?" என்று கேட்கிறாள். அதனால் இந்த வாரம் பொறிகளுக்கு முன்னால் கிணற்றை வரைந்துகொண்டிருக்கிறேன்.